ஜெர்மினோமா: கீமோவிலேயே கட்டி மறைந்த பிறகும் ரேடியேஷன் எதற்கு?

கேட்கப்பட்டதை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். ஒரு அம்மா கேட்டது இது. மகனுக்கு 12 வயது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஓயாமல் தண்ணீர் குடித்திருக்கிறான், இரவில் ஐந்தாறு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறான், அப்புறம் தலைவலியும் வாந்தியும். எம்ஆர்ஐயில் மூளையின் நடுவே உள்ள பினியல் சுரப்பிப் பகுதியில் ஒன்று, மூளையின் அடியில் இருந்து ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே ஒன்று என்று இரண்டு கட்டிகள். பயாப்சியில் (துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனையில்) ஜெர்மினோமா என்ற வகைப் புற்றுக்கட்டி என்று வந்தது. நான்கு சுற்று கீமோ முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டியே இல்லை. இப்போது மூளைக்கு 24 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) ரேடியேஷன் என்கிறார்கள். இல்லாத கட்டிக்கு எதற்கு ரேடியேஷன், படிக்கிற பிள்ளையின் மூளை கெட்டுவிடாதா, அதற்குப் பதில் இன்னும் இரண்டு கீமோ கொடுத்தால் போதாதா, முதலிலேயே ஆபரேஷன் செய்து எடுத்திருக்கலாமே என்பது அவருடைய கேள்வி.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ரேடியேஷனை விட்டுவிடாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். 'கட்டி இல்லை' என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியை இதே கட்டத்தில் கேட்ட பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட் கொடுக்கும் நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த நோயில் மருத்துவம் பாதியில் நின்றுபோவதற்கு அந்த நிம்மதியே காரணமாகிவிடக் கூடும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். கரு உருவான நான்காவது வாரம் வாக்கில், பிற்காலத்தில் விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ ஆகப்போகிற மூல செல்கள் கருவின் மஞ்சள்கருப் பை ஓரத்தில் இருக்கும். அங்கிருந்து உடலின் நடுக்கோடு வழியாக நகர்ந்து, அடுத்த இரண்டு வாரத்தில் விதைப்பையோ சூலகமோ உருவாகப்போகும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சில செல்கள் வழி மாறி நடுக்கோட்டிலேயே வேறெங்காவது தங்கிவிடுகின்றன என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதனால்தான் இந்த மூல செல்களிலிருந்து வரும் ஜெர்ம் செல் கட்டிகள், விதைப்பைக்கும் சூலகத்துக்கும் வெளியே வரும்போது, வால் எலும்பருகே, மார்புக் கூட்டின் நடுவே, மூளையின் நடுவே என்று பெரும்பாலும் நடுக்கோட்டை ஒட்டியே வருகின்றன. மூளைக்குள் பினியல் சுரப்பியும் பிட்யூட்டரியின் மேற்பகுதியும் இவற்றின் வழக்கமான இடங்கள், சில பிள்ளைகளுக்கு இரண்டிலும் ஒரே நேரத்தில் வரும், உங்கள் மகனுக்கு வந்ததைப் போல. விதைப்பையில் வந்தால் செமினோமா, சூலகத்தில் வந்தால் டிஸ்ஜெர்மினோமா, மூளையில் வந்தால் ஜெர்மினோமா. பெயர்தான் மூன்று, நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே முகம். நீங்கள் செய்ததாலோ செய்யாததாலோ, பிள்ளை சாப்பிட்டதாலோ செல்போன் பார்த்ததாலோ வந்ததல்ல இது.

பெரும்பாலும் 10 வயதுக்கு மேல், வயதுக்கு வருகிற பருவத்தில்தான் தலைகாட்டும். பினியலில் வருவது பையன்களுக்கே மிக அதிகம், பிட்யூட்டரிக்கு மேலே வருவதில் ஆண் பெண் வித்தியாசம் அவ்வளவாக இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான் இந்த வகை, ஜப்பான், கொரியா, தைவான் நாடுகளில் அதைவிடக் கணிசமாக அதிகம். இந்தக் கட்டியின் மருத்துவத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி ஜப்பானிய மருத்துவர்களிடமிருந்து வந்ததற்கும் அதுதான் காரணம்.

உங்கள் கேள்வியில் ஒரு வரியைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது: ஒரு வருடமாகத் தண்ணீர் குடித்தான் என்பது. பிட்யூட்டரியின் தண்டில் இந்தக் கட்டி உட்கார்ந்தால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரஸின் ஹார்மோன் நின்றுபோகும், பச்சைத் தண்ணீர் மாதிரி சிறுநீர் லிட்டர் லிட்டராக வெளியேறும், தாகம் அடங்காது. இதைத்தான் கீழே தாக நோய் என்று சொல்கிறேன். சர்க்கரை பரிசோதித்துப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும், 'பழக்கம்தான், தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். நான் பார்த்த ஒரு பையன் படுக்கையைச் சுற்றி நாலு பாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். படுக்கையை நனைக்கிறான் என்று அவனை மனநல ஆலோசனைக்கு அனுப்பியிருந்தார்கள், ஒரு பாத்திரத்தில் 24 மணி நேரச் சிறுநீரை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அளந்தபோது ஐந்து லிட்டருக்கு மேல் இருந்தது. இந்தத் தாகம்தான் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஒரே அறிகுறியாக இருக்கும். முதல் எம்ஆர்ஐயில் தண்டு லேசாகத் தடித்தது தவிர வேறொன்றும் தெரியாமலும் போகலாம், அப்படியானால் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்ப எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு உயரம் நின்றுபோவது, பார்வையின் இரு ஓரங்களும் மங்குவது, பெண் பிள்ளை வயதுக்கு வராமல் தாமதமாவது, எட்டு வயதுப் பையனுக்குக் குரல் உடைவது எல்லாம் இதே இடத்தைக் காட்டும் அடையாளங்கள்.

பினியல் கட்டி வேறு மாதிரி. அது மூளை நீர் ஓடும் குறுகலான கால்வாயை அடைத்துவிடும், நீர் தேங்கி காலையில் தலைவலி, வாந்தி. கூடவே கண்ணை மேலே உயர்த்த முடியாது. ஆன்ரி பரிநோ என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் 1880களில் விவரித்த அடையாளம் இது, இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். தலையை அசைக்காமல் விட்டத்தைப் பார் என்றால் பிள்ளை கண்ணுக்குப் பதிலாக மோவாயைத் தூக்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

சரி, ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். பினியல் சுரப்பி மூளையின் நட்ட நடுவில், ஆழமான பெரிய ரத்தக் குழாய்கள் சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது. திறமையான கைகளில் அங்கே போய் எடுக்க முடியும், ஆனால் ஜெர்மினோமாவுக்கு அப்படி எடுப்பதால் கூடுதலாக ஒரு நன்மையும் கிடையாது, ஏனென்றால் இது கீமோவிலும் ரேடியேஷனிலும் கரைந்துபோகிற கட்டி. பிட்யூட்டரி பக்கத்தில் உள்ளதை முழுதாக எடுக்கப் போனால் பார்வை நரம்பும் மீதமிருக்கிற ஹார்மோன்களும் பலியாகும். ஆகவே உங்கள் மருத்துவர்கள் பயாப்சி மட்டும் எடுத்தது சரியான முடிவு. நீர் தேங்கியிருக்கும்போது எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, மூளைக்குள் நீர் இருக்கும் அறைகளில் மூன்றாவதின் தரையில் ஒரு சிறு துளை போட்டு நீருக்கு மாற்றுவழி செய்து, அதே தடவையில் கட்டியிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்துவிடுவார்கள். வயிற்றுக்கு நிரந்தரக் குழாய் வைப்பதைவிட இதுவே மேல்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூளையின் ஜெர்ம் செல் கட்டி என்பது ஒரே நோய் அல்ல. மூன்றில் இரண்டு பங்கு ஜெர்மினோமா. மீதி ஒரு பங்கில் யோக் சாக் கட்டி, கோரியோகார்சினோமா, எம்பிரியோனல் கார்சினோமா, டெரட்டோமா, இவை கலந்து வருவது என்று பலவும் உண்டு, அவற்றின் மருத்துவம் வேறு, கடுமையானது. பயாப்சி துணுக்கு சிறியது, கலப்புக் கட்டியில் ஊசி ஜெர்மினோமா இருந்த மூலையை மட்டும் தொட்டிருக்கலாம். ஆகவேதான் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற இரண்டு மார்க்கர்களை, அதாவது சில வகைக் கட்டிகள் சுரக்கும் அடையாளப் பொருள்களைப் பார்க்கிறோம். ஏஎஃப்பி உயர்ந்திருந்தால் பயாப்சி என்ன சொன்னாலும் அது சுத்தமான ஜெர்மினோமா கிடையாது. பீட்டா எச்சிஜி லேசாக உயர்ந்திருந்தால் ஜெர்மினோமாவிலும் அது நடக்கும், மிக அதிகமாக உயர்ந்திருந்தால் கோரியோகார்சினோமாவைச் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கட்டிகளுக்கு ஆய்வு நடத்தும் ஐரோப்பிய மருத்துவர் குழு ஏஎஃப்பிக்கு 25, பீட்டா எச்சிஜிக்கு 50 என்று எல்லை வைத்திருக்கிறது, அமெரிக்கக் குழுவின் எல்லைகள் கொஞ்சம் வேறு. உங்கள் மகனின் ஃபைலை எடுத்துக் கீமோவுக்கு முன் இந்த இரண்டின் அளவு ரத்தத்தில் எவ்வளவு, தண்டுவட நீரில் எவ்வளவு என்று பாருங்கள். அதோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் எம்ஆர்ஐ எடுத்தார்களா, தண்டுவட நீரில் புற்றுசெல் தேடினார்களா என்பதையும் பாருங்கள். 24 கிரே என்ற திட்டம் இவையெல்லாம் சுத்தமாக இருந்தவர்களுக்கானது. தண்டுவடத்தில் பரவியிருந்தால் மூளையோடு தண்டுவடம் முழுவதற்கும் கொடுக்க வேண்டிவரும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஜெர்மினோமாவில் புற்றுசெல்களுக்கு நடுவே எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக இருக்கும், சில துணுக்குகளில் அவை மட்டுமே தெரியும், அழற்சி என்றோ காசநோய்க் கட்டி என்றோ ரிப்போர்ட் வந்துவிடும். தாகமும் தண்டுத் தடிப்பும் உள்ள பிள்ளைக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் அதோடு நின்றுவிடாமல் இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. ஸ்கேனில் இல்லாத கட்டிக்கு ஏன் ரேடியேஷன்?

ஸ்கேனில் தெரியாததும் இல்லாததும் ஒன்றல்ல. எம்ஆர்ஐ கண்ணுக்கு ஒரு கட்டி தெரிய அதில் பல கோடி செல்கள் சேர்ந்திருக்க வேண்டும். கீமோ அதைச் சில ஆயிரமாகக் குறைத்திருந்தாலும் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்றுதான் வரும். இதை ஊகமாகச் சொல்லவில்லை, செய்து பார்த்து அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது. உங்களைப் போலவே, பிள்ளைகளின் மூளையை ரேடியேஷனிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த மருத்துவர்கள் பல நாடுகளில் சேர்ந்து கீமோ மட்டும் கொடுக்கும் ஆய்வை நடத்தினார்கள், முடிவு 1996இல் வெளியானது. 71 பேர். பலருக்குக் கட்டி முழுதாக மறைந்தது, உங்கள் மகனுக்கு மறைந்தது போலவே. ஆனால் பின்னாளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. ஜெர்மினோமா திரும்பியவர்களில் பலரை ரேடியேஷன் கொடுத்து மீட்க முடிந்தது உண்மைதான், ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளைகள் கீமோவையும் தாங்கி, தவிர்க்க நினைத்த ரேடியேஷனையும் வாங்கி, நடுவில் நோய் திரும்பிய பயத்தையும் அனுபவித்தார்கள். கீமோவின் பாதிப்பாலேயே இறந்த பிள்ளைகளும் அந்த ஆய்வில் உண்டு.

அப்படியானால் கட்டி இருந்த இடத்தில் மட்டும் குறிவைத்துக் கொடுக்கலாமே என்று அடுத்துத் தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். ஐரோப்பாவில் 1996இல் தொடங்கிய ஆய்வில் பரவாத ஜெர்மினோமா உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு மூளை, தண்டுவடம் முழுவதற்கும் ரேடியேஷன் மட்டும், இன்னொரு பிரிவினர் 65 பேருக்கு கீமோவும் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் ரேடியேஷனும். அந்த 65 பேரில் 7 பேருக்கு நோய் திரும்பியது, அதில் 6 பேருக்குத் திரும்பிய இடம் மூளையின் நீரறைகள், அதாவது கதிர் படாத இடம். இந்த ஆறு பேர்தான் இன்று உங்கள் மகனுக்குத் திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே சொல்வேன். பினியலும் பிட்யூட்டரியின் மேற்பகுதியும் அந்த நீரறைகளின் ஓரத்தில் இருப்பவை, அங்கிருந்து உதிரும் செல்கள் நீரோடு போய் அறைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே நீரறைகள் முழுவதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதற்கு 24 கிரே போதும், கட்டி முழுதாக மறைந்திருந்தால் கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் டோஸ் தேவைப்படாமலும் போகலாம் என்பது அதற்கு அடுத்த ஐரோப்பிய ஆய்வின் திட்டம். அமெரிக்கக் குழு இன்னொரு வழியில் போய், நீரறைகளுக்கு 18 கிரே, கட்டி இருந்த இடத்துக்கு மேலும் 12 கிரே என்று முயன்றது. எது கொஞ்சம் மேல் என்பதில் நிபுணர்களிடையே விவாதம் இருக்கலாம், ஆனால் ரேடியேஷனே வேண்டாம் என்று அதில் யாரும் சொல்வதில்லை.

கீமோவால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், டோஸும் பரப்பும் குறைந்ததுதான். ஒரு காலத்தில் இதே கட்டிக்கு மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கொடுத்து, கட்டிக்கு மட்டும் 50 கிரே வரை ஏற்றினார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள், ஆனால் குட்டையாக, படிப்பில் தடுமாறி வளர்ந்தார்கள். நீங்கள் பயப்படுவது அந்தக் காலத்து ரேடியேஷனைப் பார்த்து. அந்த டோஸில் பாதியைத்தான், அதுவும் நீரறைகளைச் சுற்றி மட்டும்தான் இப்போது கொடுக்கப் போகிறார்கள்.

இரண்டு கீமோ சேர்த்துக் கொடுத்தால் என்ன என்றால், நான்கு சுற்றில் போகாமல் ஒளிந்திருக்கிற செல் ஆறு சுற்றில் போய்விடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கெடுதல் மட்டும் கூடும். கீமோ மருந்துகளில் கார்போபிளாட்டின் காதையும், ஐஃபாஸ்ஃபமைடு சேர்த்தால் சிறுநீரகத்தையும் தொடும், எட்டோபோசைடால் அரிதாகப் பின்னாளில் ரத்தப் புற்று வருவதும் உண்டு. உங்கள் மகனுக்குத் தாக நோயும் இருப்பதால், ஏராளமாகக் குளுக்கோஸ் நீர் ஏற்றிக் கொடுக்கும் மருந்துகள் ஒவ்வொரு முறையும் சோடியத்தைக் கவிழ்க்கப் பார்க்கும்.

மூளை கெட்டுவிடாதா என்ற கேள்விக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். பாதிப்பு இருக்கும், எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்காது. நான் பார்க்கும் பிள்ளைகளில் அறிவு குறைந்துவிட்டது என்பதைவிட வேகம் குறைந்துவிட்டது என்பதே அதிகம். தெரிந்த கணக்கைத்தான் போடுகிறான், ஆனால் மற்றவர்கள் முடிக்கும்போது இவன் பாதியில் இருக்கிறான். ஒரே நேரத்தில் மூன்று விஷயம் சொன்னால் ஒன்று நழுவிவிடுகிறது. பரீட்சையில் கூடுதல் நேரம், பலகையில் இருப்பதை எழுதியெடுக்கும் வேலைக்குப் பதில் அச்சடித்த குறிப்பு, இவ்வளவு செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். மூன்று வயதுப் பிள்ளையின் மூளைக்குக் கொடுப்பதற்கும் 12 வயதில் கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அந்த வகையில் உங்கள் மகனின் வயது அவனுக்குத் துணை. ரேடியேஷன் தொடங்கும் முன்பே ஒருமுறை நினைவாற்றல், கவனம், வேகம் ஆகியவற்றுக்கான உளவியல் பரிசோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட வேறு வழியில்லை. புரோட்டான் கதிர் சிகிச்சை கிடைக்குமா என்றும் கேளுங்கள். கட்டியைக் கொல்வதில் அது சாதாரண எக்ஸ்ரே கதிரைவிட உயர்ந்ததல்ல, ஆனால் குறி வைத்த ஆழத்தில் நின்றுவிடும், மறுபக்கம் வெளியேறாது, அதனால் நினைவுக்கான பக்கமடல் பகுதிகளுக்குப் போகும் டோஸ் குறையும். கிடைக்கவில்லையென்றால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். நல்ல திட்டத்தோடு சரியான நேரத்தில் கொடுக்கும் சாதாரண ரேடியேஷன், தாமதமான புரோட்டானைவிட நல்லது.

பெற்றோர்கள் அதிகம் கேட்காத, ஆனால் உங்கள் மகனின் தினசரி வாழ்க்கையை அதிகம் தொடப்போகிற விஷயம் ஹார்மோன். கட்டி மறைந்தால் தாகமும் போய்விடும் என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் போகாது. தண்டில் அழிந்த நரம்பிழைகள் திரும்ப வருவதில்லை. நின்றுபோன வாசோபிரஸினுக்குப் பதிலான டெஸ்மோபிரஸின் மாத்திரையோ மூக்கு ஸ்ப்ரேயோ தொடர வேண்டியிருக்கும், அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: மருந்து வேலை செய்யும் நேரத்தில் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். ஒரு டோஸ் தேய்ந்து நிறையச் சிறுநீர் ஒருமுறை போன பிறகு அடுத்த டோஸ் என்ற பழக்கம் பாதுகாப்பானது. சோடியம் 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டும், இந்த எண்களை நீங்களே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வாந்தி, காய்ச்சல், மயக்கம் என்றால் முதலில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள், வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

அப்புறம் கார்ட்டிசால், காய்ச்சல் போன்ற நெருக்கடியைத் தாங்க உடலுக்கு வேண்டிய ஹார்மோன். அது குறைந்திருந்தால் அதற்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் தினமும் வேண்டும். காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி அன்றே டோஸைக் கூட்ட வேண்டும், வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் ஊசி, அதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது. இந்தக் கட்டியை வென்ற பிள்ளை சாதாரணக் காய்ச்சலில் கார்ட்டிசால் இல்லாததால் உயிரை விட்டுவிடக் கூடும். அந்தக் கொடுமை நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். தைராய்டும் குறைந்திருந்தால் கார்ட்டிசாலைச் சரிசெய்த பிறகே தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டும், வரிசை மாறினால் ஆபத்து. கார்ட்டிசால் குறைவு தாக நோயை மறைத்து வைத்திருக்கும் என்பதால், ஹைட்ரோகார்ட்டிசோன் தொடங்கியதும் சிறுநீர் திடீரென்று கூடினால் பயப்பட வேண்டாம், உடனே தெரிவித்தால் போதும். வளர்ச்சி ஹார்மோன் ஊசியை சிகிச்சை முடிந்து நோய் அடங்கி ஒரு வருடமாவது போன பிறகே தொடங்குவது வழக்கம். 13, 14 வயதில் பருவ மாற்றம் தொடங்கவில்லை என்றால் அதற்கும் மருந்து உண்டு. ஆக, புற்றுநோய் மருத்துவரோடு ஒரு ஹார்மோன் மருத்துவரும் உங்கள் மகனுக்கு நிரந்தரமாகத் தேவை.

பின்னாளில் குழந்தை பெறுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, 12 வயதுப் பையனைப் பற்றி அதை யோசிக்கத் தோன்றாது. வயதுக்கு வந்த பையன்களாக இருந்தால் கீமோவுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். இதைப் படிக்கிற, இன்னும் கீமோ தொடங்காத பெற்றோர்கள் இன்றே கேட்டுவிடுங்கள், ஒரு நாள் வேலைதான்.

மார்க்கர் உயர்ந்த மற்ற வகை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் நாலு வரி. அங்கே கீமோ அதிகம், சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு எட்டோபோசைடும் ஐஃபாஸ்ஃபமைடும், ரேடியேஷன் டோஸ் 54 கிரே வரை போகும். அமெரிக்கக் குழுவின் ஆய்வில் ஆறு சுற்று கீமோவும் மூளை, தண்டுவட ரேடியேஷனும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டு முடிவில் நூற்றுக்கு 93 பேர் உயிரோடு இருந்தார்கள், ஒரு தலைமுறைக்கு முன் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத எண் அது. ஏஎஃப்பி 1000க்கு மேல் இருந்தால் கடினமான வகை, கீமோ முடிந்தும் கட்டி மிச்சமிருந்தால் ரேடியேஷனுக்கு முன் ஆபரேஷன் செய்து எடுப்பது அங்கே உண்மையிலேயே பலன் தரும். ஒரு விசித்திரம்: சில பிள்ளைகளுக்குக் கீமோவில் மார்க்கர் இறங்கிக்கொண்டே வரும், கட்டியோ வளர்ந்துகொண்டே போகும். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்துக் கீமோவை மாற்றக் கூடாது, கலப்பில் இருந்த டெரட்டோமா பகுதிதான் வளர்கிறது, அது மருந்துக்கு மசியாது, கத்திதான் வழி.

உங்கள் மகனுக்குத் திரும்புவோம். பரவாத ஜெர்மினோமாவில் முழு மருத்துவம் முடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுகளில் இப்படிச் சொல்ல முடிகிற நோய் மிகக் குறைவு, அதனால்தான் ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை பாதியில் நிற்பதைப் பார்க்கும்போது தாங்க முடிவதில்லை. அரிதாக ஐந்து வருடம் கழித்தும், அதற்குப் பிறகும்கூட நோய் திரும்புவதுண்டு, ஆகவே ஸ்கேன் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

ரேடியேஷன் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகனுக்கு அதுதான் முதல் பயமாக இருக்கும். முதலில் முகமூடி. வலை போல் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, ஈரம் துடைத்து, முகத்தின் மேல் படிய வைத்து அழுத்துவார்கள். வெதுவெதுப்பான துணியை முகத்தில் போட்டது போலிருக்கும், ஐந்து பத்து நிமிடத்தில் இறுகி அவன் மூக்கும் கன்னமும் அப்படியே பதிந்துவிடும். மூச்சு தாராளமாக விடலாம். குறியெல்லாம் முகமூடியில்தான் போடுவார்கள், முகத்தில் இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு 1.6 கிரே என்றால் பதினைந்து நாள், மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் மேஜையில் படுத்து எழுவதற்கு கால் மணி நேரம் ஆகலாம், கதிர் வருவது அதில் சில நிமிடம்தான், வலிக்காது, சூடு தெரியாது. அந்த நேரம் அறையில் அவன் மட்டும் இருப்பான், ஆனால் கேமராவில் பார்த்துக்கொண்டும் மைக்கில் பேசிக்கொண்டும் இருப்பார்கள், கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். இதையெல்லாம் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 12 வயதுப் பிள்ளையிடம் மறைத்தால் அவன் இதைவிடப் பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்வான். தாக நோய் இருப்பதால், படுக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போகட்டும், எழுந்தவுடன் குடிக்கத் தண்ணீர் பாட்டிலோடு நீங்கள் கதவுக்கு வெளியே நில்லுங்கள்.